கழுத்துக்கு மட்டும் சூடு

பாட்டி காலத்துப் பித்தளைச் சொம்பை இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்தால் சூடேறாது. அந்த அடுப்புக்கு இரும்பு வேண்டும். ஆனால் அதே தத்துவத்தில் இயங்கும் ஒரு சிறு கருவியைக் கொண்டு, அமெரிக்காவில் இலக்குச் சுடும் விளையாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையில் பித்தளையைச் சில நொடிகளில் 400 டிகிரி செல்சியஸைத் தாண்ட வைக்கிறார்கள். சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக்கூட்டை மறுபடி பயன்படுத்துவதற்காக இளக்கும் வேலை அது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். ஆகவே இங்கே இது வீட்டு வேலை ஆகாது. ஆனாலும் பித்தளையின் குணத்தை இவ்வளவு நெருங்கிப் பார்க்கவைக்கும் கைவேலைகள் குறைவு.

தோட்டாக்கூடு நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. சுடும்போது அது விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டுகிறது. பிறகு அதை அச்சில் திணித்துப் பழைய அளவுக்கு நெருக்குகிறார்கள். இப்படி விரிந்தும் நெருங்கியும் சில சுற்று ஆனதும் கழுத்துப்பகுதி இறுகிப்போய், நெடுக்காகக் கீறல் விட்டுவிடும். குடம் தட்டும் கன்னாருக்கு இது புதிதல்ல. தட்டத் தட்டப் பித்தளை இறுகும், உலையில் காய்ச்சினால் இளகும். பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் பித்தளை, செம்புப் பாத்திரம் செய்யும் தட்டேராக்களின் கலையை யுனெஸ்கோ 2014-இல் தன் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கலையும் இந்தக் குணத்தை நம்பியே நடக்கிறது.

இறுக்கம் என்ன செய்யும் என்பதை உலகுக்குக் காட்டியது இந்திய மழைக்காலம். பிரிட்டிஷ் படை குதிரை லாயங்களில் அடுக்கிவைத்திருந்த தோட்டாக்கள், சுடாமலேயே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக்காற்று, பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சூடு காட்டி இறுக்கத்தைத் தணிப்பதே அதற்கு மருந்து. ராணுவத் தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் கழுத்தைச் சுற்றி நீலமும் பழுப்புமாக ஒரு படலம் தெரியும். தொழிற்சாலையில் சூடு பட்ட தடம் அது.

சிரமம் எங்கே என்றால், கழுத்தும் அதற்குக் கீழே சரியும் தோளும் இளக வேண்டும். அடிப்பகுதி இளகவே கூடாது. பல ரைஃபிள் தோட்டாக்களில் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் எழும். அதைத் தாங்குவது அந்தக் கெட்டியான அடிதான். அது இளகிக் கிழிந்தால் தீவாயு சுடுபவர் முகத்தை நோக்கிப் பாயும். இளகிய அடியை மறுபடி சூடு காட்டி, தண்ணீரில் தோய்த்துக் கெட்டியாக்கவும் முடியாது. எஃகுக்குப் பலிக்கும் அந்த வித்தை பித்தளையிடம் பலிக்காது. பித்தளையோ சூட்டை நொடியில் கடத்தும் உலோகம். அதனால்தான் பழைய ஆட்கள் கூடுகளைத் தண்ணீர்த் தட்டில் நிற்கவைத்து, மேலே கேஸ் தீயைக் காட்டி, பதம் வந்ததும் தட்டிச் சாய்த்தார்கள். நல்ல கண்ணும் நிதானமான கையும் உள்ளவர் அதைச் செம்மையாகவே செய்வார். ஐம்பது கூடுகளுக்குப் பிறகு கண் சோர்ந்துவிடும்.

மலிவு விலை இண்டக்‌ஷன் பலகை இங்கேதான் கைகொடுக்கிறது. கையகல மின்சுற்று, 48 வோல்ட் மின்வழங்கி, செம்புக் குழாயை நாலைந்து சுற்றாக வளைத்த சுருள், ஒரு டைமர். சுருளில் மின்னோட்டம் நொடிக்கு ஏறத்தாழ லட்சம் தடவை திசை மாறும். கூட்டின் கழுத்து சுருளுக்குள் நின்றால், பித்தளைக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் எழுந்து சூடாக்கும். தீயே இல்லை. சூடு அடிக்கு இறங்குவதற்குள் டைமர் நிறுத்திவிடும், கூடு கீழே விழும். நியூசிலாந்தில் தயாராகும் இதே வகைக் கருவியின் விலை ஆயிரம் டாலருக்கு மேல். இந்தப் பலகையோ நூறு டாலருக்குள்.

விலை குறைவு என்பதற்காக மட்டும் இதை நான் மெச்சவில்லை. முதல் கூடும் நூறாவது கூடும் ஒரே பதத்தில் வருகின்றன, அதுதான் சிறப்பு. ஆனால் பதம் எது என்று கருவி சொல்லாது. நிறுவனத்துக்கு நிறுவனம் கூட்டின் சுவர் கனம் மாறும், நொடிக் கணக்கும் மாறும். குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் பூச்சைக் கழுத்தின் உட்புறம் ஒன்றும், தோளுக்குக் கீழே இன்னொன்றுமாகத் தடவிப் பார்க்க வேண்டும்: மேலே உருக வேண்டும், கீழே உருகக் கூடாது. இந்தச் சோதனைக்குப் பொறுமை இல்லாதவர் கருவியைத் தொடாமல் இருப்பதே நல்லது. இப்படி இளக்குவதால் குறி கூர்மையாகுமா என்று சுடுபவர்களுக்குள் வாதம் இன்னும் தீரவில்லை. கூட்டின் ஆயுள் கூடும் என்பதில் தகராறு இல்லை.

அயல்நாட்டில் உரிமத்தோடு இந்த விளையாட்டில் இருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: கை மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், சுருளுக்கு அருகே போனால் அதுவும் காயும். மருந்து உள்ள தோட்டாவை அந்த மேசைப் பக்கமே கொண்டுவராதீர்கள். கழிக்கவேண்டிய கூடுகளில் முதலில் பழகுங்கள்.