கணக்கில் சேராத பிள்ளை

(நாகலூர் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாசம் குடும்ப விவரம் எழுத ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்தக் குழு என்று சொல்லமாட்டேன். "எத்தனை பிள்ளைங்க அக்கா?"ன்னு கேட்டேன். "ரெண்டு"ன்னாங்க. எழுதிட்டேன். கிளம்பும்போதுதான் உள்ளே ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். "அது நடக்காதும்மா, அதான் சொல்லல"ன்னாங்க. அந்தம்மா கெட்டவங்க இல்லை. நாள் முழுக்கக் காப்பித் தோட்டத்தில் வேலை செஞ்சு, வந்து அந்தப் பிள்ளைக்கு ஊட்டிவிடுறவங்கதான். ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை.

அதனால்தான் இன்றைக்கு பிராச்சி யாதவ் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல வந்தேன். மத்தியப் பிரதேசம் குவாலியரைச் சேர்ந்தவர். பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே பாதிக்கப்பட்டவர். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். உடம்புக்கு நல்லது என்றுதான் முதலில் நீச்சலுக்கு அனுப்பினார்கள். அதில் தேசிய அளவில் பதக்கம் வாங்கினார். "உனக்குக் கை நீளம், துடுப்புப் படகுக்கு வா" என்று பயிற்சியாளர் சொன்னார். 2018-ல் போபாலுக்குப் போய், அங்குள்ள சின்ன ஏரியில் பயிற்சி எடுத்தார்.

நம்ம ஏற்காடு ஏரியில் ஓடுகிற படகு மாதிரி அகலமானது இல்லை அது. ஆள் உட்காரும் அளவுக்கே இடம். கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணீர்தான். 200 மீட்டர் தூரம், கையும் தோளும்தான் பலம்.

2021-ல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் இறுதிப் போட்டி வரை போனார். அந்த விளையாட்டில் இந்தியாவிலிருந்து பாராலிம்பிக் போன முதல் ஆள் அவர்தான். எட்டாவது இடம். எட்டுப் பேரில் எட்டாவது! நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "போதும், வீட்டுக்கு வா"ன்னுதானே? அவர் விடவில்லை. 2022-ல் போலந்து நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம். 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் ஆசிய பாரா விளையாட்டில் ஒரு தங்கம், ஒரு வெள்ளி. அதே போட்டியில் அவர் கணவர் மணீஷ் கௌரவும் வெண்கலம் வாங்கினார். 2024 பாரிஸில் மறுபடியும் இறுதிப் போட்டி, மறுபடியும் எட்டாவது இடம்.

எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்கும் என்று நான் பொய் சொல்ல வரவில்லை. பிராச்சியை ஒருவர் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் அவர் கை நீளம் என்று யாருக்குத் தெரியும்?

நாம் செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு குழுவும் தங்கள் உறுப்பினர் வீட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகள் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். மருத்துவர் 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று தந்தால் அடையாள அட்டை கிடைக்கும். பள்ளி உதவித்தொகை, பஸ் சலுகை என்று எதைக் கேட்டாலும் முதலில் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போக, தூக்கிட்டுப் போக ஆள் இல்லை என்பது எனக்கும் தெரியும். தனியாகப் போக வேண்டாம். நாலு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரே வண்டியில் போவோம். நானும் வருகிறேன்.

அந்த வீட்டுக்கு நேற்று மறுபடியும் போனேன். படிவத்தில் ரெண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதச் சொன்னாங்க அந்தம்மா. முதல் வண்டியில் அந்தப் பொண்ணு வருது.