பால்மரக் கரியில் உருகிய இரும்பு

(பத்துமலையில் கூடிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் முன் ஆற்றிய உரை)

இரும்பு உருக்குத் தொழிலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "தோட்டத்துக்காரனுக்கும் இரும்புக்கும் என்ன உறவு? பால் வெட்டும் கத்தியோடு சரி" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்த உறவு கத்தியோடு நிற்கவில்லை, தோழர்களே. இந்த நாட்டின் முதல் முழுமையான இரும்பு உருக்காலையில் அடுப்பெரித்தது நம் பால்மரம்தான். அந்தக் கதையை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

நாம் கூடியிருக்கும் இடத்திலிருந்தே தொடங்குவோம். எதிரே நிற்கும் முருகன் சிலை 2006-ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பட்டது. உயரம் 140 அடி. பொன்வண்ணம்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே 250 டன் இரும்புக் கம்பி இருக்கிறது. அந்தக் கம்பி இல்லையென்றால் சிமெண்டு அந்த உயரத்துக்கு நிற்காது. சிலைக்குப் பின்னாலுள்ள மலையோ சுண்ணாம்புக்கல். இரும்பு உருக்குவதற்கும் சுண்ணாம்புக்கல் வேண்டும். எதற்கு என்று சொல்கிறேன்.

மண்ணிலிருந்து எடுக்கும் இரும்புத் தாது என்பது, எளிதாகச் சொன்னால், துருப்பிடித்த இரும்பும் மணலும் கலந்த கல். அதில் இரும்போடு பிராணவாயு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கக் கரி வேண்டும். ஊதுலை என்னும் உயர்ந்த உலையில் தாதுவையும் கரியையும் சுண்ணாம்புக்கல்லையும் மேலிருந்து அடுக்கடுக்காகக் கொட்டி, கீழிருந்து சுடுகாற்றை ஊதுவார்கள். கரி எரிந்து பிராணவாயுவைப் பறித்துக்கொள்ளும். சுண்ணாம்பு மணலோடும் அழுக்கோடும் சேர்ந்து கசடாக மிதக்கும். இரும்பு உருகி அடியில் தங்கும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் உலை நின்றுவிடும். தாது இருக்கிறது என்பதற்காக மட்டும் இரும்புத் தொழில் வந்துவிடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள்.

மலாயாவில் தாதுவுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஜொகூரில் பத்து பகாட்டுக்கு அருகே ஸ்ரீ மேடானில் 1921-இலேயே ஜப்பானியர் இரும்புச் சுரங்கம் தொடங்கினர். பின்னர் திரெங்கானுவில் டுங்குனுக்கு உள்ளே புக்கிட் பெசி. பெயரைப் பாருங்கள், இரும்பு மலை என்றே பெயர். மலையை வெட்டி ரயிலில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து கப்பலேற்றினார்கள். பகாங்கில் ரொம்பின் பக்கம் புக்கிட் ஈபாமில் 1960-களில் மற்றொரு பெரிய சுரங்கம் வந்தது. அந்த ஆண்டுகளில் நாட்டிலிருந்து ஆண்டுக்கு 60, 70 லட்சம் டன் தாது தோண்டப்பட்டது. ஏறத்தாழ எல்லாம் ஜப்பானுக்கே போயிற்று. போன தாது தகடாகவும் இயந்திரமாகவும் வண்டியாகவும் திரும்பி வந்தது. விலை எத்தனை மடங்கு என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பாலை அனுப்பிவிட்டு டயரை விலைக்கு வாங்கிய கதைதான். அந்தக் கணக்கு நம்மைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்?

ஏன் இங்கேயே உருக்கவில்லை? ஒரு காரணம் கரி. பெரிய ஊதுலைக்குக் கோக் என்னும் கெட்டிக் கரி வேண்டும். மேலே கொட்டிய தாதுவின் பாரத்தைத் தாங்கி, நொறுங்காமல் எரிய வேண்டும். அதைச் செய்வதற்கேற்ற நிலக்கரி மலாயாவில் இல்லை. இங்கிருந்து வடக்கே, ரவாங்குக்கு அப்பால் பத்து ஆராங்கில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 1937-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து அந்தச் சுரங்கத்தையே தங்கள் கைக்குள் வைத்திருந்த வரலாறு உங்களில் மூத்தவர்கள் கேட்டிருப்பீர்கள். அந்தக் கரி ரயில் ஓட்டும், மின்சாரம் தரும். கோக் ஆகாது. 1960-இல் அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது.

இந்த இடத்தில்தான் பால்மரம் வருகிறது.

ஒரு ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் தரும். பிறகு அதை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்ய வேண்டும். சண்டைக் காலத்தில் மறுநடவு நின்றுபோய்க் கிழட்டு மரங்கள் பெருகிக் கிடந்தன. 1952-இல் மறுநடவு நிதிக்குச் சட்டம் வந்தது. அதன் பிறகு ஏக்கர் ஏக்கராக மரங்கள் சாய்ந்தன. அந்தக் காலத்தில் அந்த மரத்துக்கு விறகு விலைகூட ஒழுங்காகக் கிடையாது. போட்ட இடத்திலேயே கொளுத்திவிட்ட தோட்டங்கள் உண்டு.

1961-இல் பிறையில் மலாயாவாத்தா என்னும் உருக்கு நிறுவனம் அமைந்தது. ஜப்பானில் 1901 முதல் இரும்பு உருக்கிவந்த யாவாத்தா நிறுவனமும் உள்நாட்டவரும் கூட்டாகத் தொடங்கியது. மலாயா, யாவாத்தா, இரண்டு பெயரையும் சேர்த்தே பெயர் வைத்தார்கள். 1967-இல் ஊதுலை எரியத் தொடங்கியது. உள்நாட்டுத் தாது, உள்நாட்டுச் சுண்ணாம்புக்கல், கோக்குக்குப் பதிலாக ரப்பர் மரக் கரி. மரத்தைத் துண்டு போட்டுச் சூளையில் அடுக்கி, காற்றை அடக்கிச் சுட்டெடுத்த கரி. மரக்கரிக்குக் கோக்கின் பலம் கிடையாது. ஆகவே உலையைச் சிறிதாகத்தான் கட்ட முடியும். ஆனால் மரக்கரியில் கந்தகம் குறைவு, இரும்பு சுத்தமாக வரும். வீட்டுக்கும் பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேண்டிய கம்பி இந்த நாட்டிலேயே உருண்டு வந்தது.

அந்த மரங்களை நட்டவர்கள் யார்? தவரணையில் கன்று வளர்த்து, மலைச் சரிவில் குழி தோண்டி நட்டவர்கள் நம் பாட்டன்மார். விடியுமுன் பிரட்டில் நின்று, காண்டா வாளியோடு நிரை நிரையாக ஏறி இறங்கியவர்கள் நம் தாய் தந்தையர். மரம் சாய்ந்தபோது தோட்ட முதலாளிக்கு மறுநடவு உதவி கிடைத்தது. கரிக்காரனுக்கு மரம் கிடைத்தது. ஆலைக்குக் கரி கிடைத்தது. வெட்டுக்காரருக்கு என்ன கிடைத்தது? புதுக் கன்று வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். அதுவரை அந்த நிரையில் வெட்டு இல்லை. காட்டு வேலைக்குப் போ, இல்லையேல் வேறு தோட்டம் பார். ஆலை வந்ததைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது வேண்டிய ஆலை, நல்ல ஆலை. கணக்கேட்டில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

பிறகு என்ன நடந்தது? பெரிய சுரங்கங்கள் 1970 வாக்கில் வற்றி மூடப்பட்டன. நல்ல தாதுவில் பெரும்பங்கு, நம் நாட்டில் உலை வருமுன்பே கடல் கடந்துவிட்டது! ரப்பர் மரத்துக்கோ நாற்காலி, மேசை செய்யும் தொழிலில் நல்ல விலை கிடைக்கத் தொடங்கியது. கரியாக எரிக்க யாருக்கு மனம் வரும்? பிறை ஆலை பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கும் முறைக்கு மாறியது. இன்று அது ஆன் ஜூ என்னும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2011-இல் அவர்கள் மறுபடியும் ஒரு சிறிய ஊதுலை கட்டினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இடையில் அரசாங்கம் பெரிய முயற்சி ஒன்று செய்தது. 1982-இல் கெமாமானில் பெர்வாஜா. கரியே வேண்டாம், திரெங்கானுக் கடலில் கிடைக்கும் எரிவாயுவைக் கொண்டு தாதுவைப் பிரிப்போம் என்று திட்டம். யோசனை தவறில்லை. ஆனால் வாங்கி வந்த முறை எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. ஜப்பானியப் பங்காளிகள் இழப்பீடு கொடுத்து விலகினார்கள். உலையை மாற்றி, நிர்வாகத்தை மாற்றி, கோடி கோடியாகப் பணம் கரைந்தது. கடைசியில் 2013-இல் உற்பத்தியே நின்றது. ஒரு கைத்தொழிலை வேர்பிடிக்கச் செய்வது கட்டடம் எழுப்புவதைப் போன்றதன்று.

தமிழ்நாட்டுக் கதையும் இதற்கு அண்ணன் தம்பிதான். சேலத்துக் கஞ்சமலையில் இரும்புத் தாது உண்டு. அதை நம்பி 1830-களில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பறங்கிப்பேட்டையில் ஆலை நடத்தினார். அங்கேயும் மரக்கரிதான். சுற்றுப்புறக் காடு தீரத் தீரக் கரி தூரத்திலிருந்து வர வேண்டியதாயிற்று. நட்டத்தில் தள்ளாடி, 1860-களில் அந்தத் தொழில் அணைந்தது. பின்னர் சேலத்துக்கு உருக்காலை வேண்டும் என்று அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் எழுச்சி நாளே கொண்டாடினார்கள். 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டது, 1980-களின் தொடக்கத்தில் ஆலை ஓடியது. ஆனால் வெளியிலிருந்து வந்த சுருளைத் தகடாக உருட்டும் ஆலையாகவே அது தொடங்கியது. கஞ்சமலைத் தாது மலையிலேயே கிடந்தது! அதில் இரும்பின் பங்கு குறைவு என்பது காரணங்களில் ஒன்று. ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலை நிலைத்ததற்கோ, மயூர்பஞ்சுத் தாதுவும் ஜாரியா நிலக்கரியும் எட்டும் தூரத்தில் இருந்தது பெருங்காரணம். அங்கே 1912-லேயே எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது என்பதையும் தொழிற்சங்கத்தார் நினைவில் வைக்கலாம்.

இன்றைய நிலைக்கு வருவோம். குவாந்தானில் சீன முதலீட்டில் அலையன்ஸ் ஸ்டீல் 2018 முதல் ஓடுகிறது. ஆண்டுக்கு 35 லட்சம் டன் உருக்கும் அளவு. தாதுவும் கரியும் கப்பலில் வருகின்றன. பேராக்கில் லுமுட்டுக்கு அருகே தெலுக் ருபியாவில் 2014 முதல் பிரேசில் நாட்டுத் தாது வந்து இறங்குகிறது. ஒரே கப்பலில் 4 லட்சம் டன். அங்கே கலந்து, பிரித்து, ஆசிய நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். 1876-இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதை போயிற்று, அதன் வழியில் நாம் இங்கு வந்தோம். இப்போது அதே பிரேசிலிலிருந்து இரும்புத் தாது வருகிறது. தாதுவை ஏற்றி அனுப்பிய நாடு தாதுவை இறக்கும் நாடாகிவிட்டது.

இதில் நமக்கென்ன? சொல்கிறேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல தோட்டங்களில் வீடமைப்பு வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் எத்தனை! அவர்களுடைய பிள்ளைகள் கம்பி ஆலையிலும் கட்டுமானத்திலும் நிற்கிறார்கள். எப்படி நிற்கிறார்கள்? ஒப்பந்தக்காரரின் சீட்டிலா, ஆலையின் பதிவேட்டிலா? கூட்டுகிற வேலையிலா, உலையையும் கிரேனையும் கையாளும் வேலையிலா? உலைக்கூடத்தில் கைவேலை தெரிந்தவனுக்கு ஒரு சம்பளம், தெரியாதவனுக்கு ஒரு சம்பளம். விபத்து மட்டும் இருவருக்கும் ஒன்று.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மனிதவள அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் கிடைக்கும் மலேசியத் திறன் சான்றிதழ். பற்றவைப்பு, மின்சாரம், இயந்திரப் பராமரிப்பு, எதுவானாலும் சரி. எஸ்.பி.எம். தேர்வில் பின்தங்கிய பிள்ளை வீணாய்ப் போனவன் என்று எண்ணும் பெற்றோர் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு, சங்கம். 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே வகைத் தொழிலில் உள்ளவர்கள்தான் ஒரு சங்கத்தில் சேரலாம் என்றிருந்தது. தோட்டத்தைவிட்டு ஆலைக்குப் போன பிள்ளை நம் கையைவிட்டும் போய்விட்டான். 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த வேலியை அகற்றியிருக்கிறது. ஆகவே தகப்பன் தோட்டச் சங்கத்தில் இருக்க, ஆலையில் இருக்கும் மகன் சங்கமே இல்லாமல் நிற்பதற்கு இனிச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தோட்டத்திலிருந்தும் முன்னாள் தோட்டக் குடும்பங்களிலிருந்தும் இரும்பு, உலோக ஆலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். எந்த ஆலை, என்ன வேலை, நிரந்தரமா ஒப்பந்தமா, சான்றிதழ் உண்டா இல்லையா என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி முடித்து வீட்டில் இருப்பவர்களுக்குத் தனித்தாள். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டுதான் பயிற்சிக் கழகத்தாரிடமும், உலோகத் தொழில் சங்கத்தாரிடமும் உட்கார்ந்து பேச முடியும்.