பிழை எந்த வரியில்?

புதியவருக்கு எளிதான நிரலாக்கம், இணையத்தில் கருத்துரிமை: இவ்விரண்டையும் ஒரே கருத்தரங்கில் சேர்த்தது பொருந்தாக் கூட்டணி என்று சிலருக்குத் தோன்றலாம். (கூட்டணிகளுக்குப் பொருத்தம் பார்க்கும் வழக்கம் நமக்கு எப்போது இருந்தது!) என் கணிப்பில் இரண்டும் ஒரே கேள்விதான். புதிதாக உள்ளே வருகிறவர் தவறு செய்தால், எங்கே தவறினார் என்று அவருக்குப் புரியும்படி சொல்கிறோமா, வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறோமா?

முதல் சான்று சென்னையை அடுத்த ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குள்ளேயே இருக்கிறது. உற்பத்தி லைனை இயக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஓடும் லேடர் நிரலைச் சொல்கிறேன். கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களைப் பிரித்து மறுபடி வயரிங் செய்யும் தொல்லைக்கு மாற்று வேண்டும் என்று 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கேட்டது. அப்படிப் பிறந்த பிஎல்சிதான் மோடிகான் 084. அதைச் செய்தவர்கள், எலக்ட்ரீஷியனைப் பார்த்து முதலில் கணினிமொழி படித்துவிட்டு வா என்று சொல்லவில்லை. அவர் அன்றாடம் படித்துப் பழகிய ரிலே வரைபடத்தையே நிரல்மொழியாக்கினார்கள். ஏணி போல இருபுறம் செங்குத்துக் கோடு, நடுவே படிகள். ஓட்டம் எந்தப் படியில் நின்றது என்பதை ஐடிஐ முடித்த இளைஞர் திரையிலேயே பார்த்துவிடுகிறார். எளிய மொழி சிந்தனையைக் கெடுக்கும் என்பது பழைய புகார். 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் பிறந்த பேசிக் மொழி மீது கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1975-இல் அதைக் கடுமையாகவே வைத்தார். அவர் மேதை, மறுக்கவில்லை. ஆனால் அரை நூற்றாண்டாக உலகத் தொழிற்சாலைகளை ஓட்டிவரும் லேடரின் முன் அந்தப் புகார் நிற்காது.

பழகிய மொழியிலேயே நிரல் எழுதவைக்கும் முயற்சிக்குத் தமிழில் முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி இருக்கிறது. திரையில் எழுத 'பதிப்பி'. நிபந்தனைக்கு 'ஆனால்', 'இல்லை', 'முடி'. இதில் நிபந்தனை முன்னால் வர, 'ஆனால்' பின்னால் வருகிறது. மழை பெய்தால் என்று நாம் சொல்லும் வரிசையே அது. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லை ஒட்டிவைத்த வேலை அல்ல. பைத்தானின் முப்பத்தைந்து ஆங்கிலச் சொற்களை ஒரு வாரத்தில் கற்றுவிடலாமே, இதெல்லாம் எதற்கு என்பார்கள். பாதி சரி, வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் எழிலைக் கேட்பாரில்லை. ஆனால் மாணவர் முடங்குவது கட்டளைச் சொல்லில் அல்ல, நிரல் ஓடாமல் நிற்கும்போது சிவப்பு எழுத்தில் வந்து விழும் ஆங்கில வாக்கியத்தில். எனவே நம் உழைப்பு முதலில் பிழைச்செய்திகளைத் தமிழாக்குவதில் செல்லவேண்டும் என்பேன். அதை எந்த மொழிக்கும் செய்யலாம், பைத்தானுக்கும்.

சட்டத்தையும் இதே கல்லில் உரசிப் பார்க்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, மிகவும் புண்படுத்தும் செய்தியை அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது. எது புண்படுத்தும் என்று சொல்லவில்லை. வரி எண் இல்லாத பிழைச்செய்தி! 2012 அக்டோபரில் ஒரு சில ட்விட்டர் வரிகளுக்காகப் புதுச்சேரித் தொழில்முனைவர் ஒருவர் இப்பிரிவில் கைதானார். 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவையே ரத்துசெய்தது. சொல்லில் இருந்த தெளிவின்மையும் அதற்கு ஒரு காரணம். இருந்தும் காவல் நிலையங்கள் அதில் வழக்குப் பதிவதை நிறுத்தவில்லை. இனி யார்மீதும் வழக்குத் தொடரக்கூடாது என்று 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடி ஆணையிட வேண்டியிருந்தது.

வதந்தியால் உயிரே போகுமே என்ற மறுப்பு வலுவானது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையே அதற்குச் சாட்சி. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாகப் பேச்சு பரவியது. பெண்கள் அந்தச் சாலையில் மறியலாக உட்கார்ந்தார்கள். வதந்தி பரப்பியதாக ஒரு யூடியூபர் கைதானார். சாவுச் செய்தி பொய், நஞ்சு பொய்யல்ல. விடுதியும் உணவுக்கூடமும் தரமாக இல்லை என்று ஆப்பிளே பின்னர் ஒப்புக்கொண்டது. தோழி எங்கே, எப்படி இருக்கிறாள் என்பதற்கு நம்பும்படியான விடை உடனே கிடைத்திருந்தால் வாட்ஸ்அப்பிடம் யார் கேட்டிருப்பார்கள்? தெரிந்தே பொய்க் காட்சி தயாரித்துக் கலவரம் மூட்டுகிறவர் வேறு. அவருக்குத் தண்டனை வேண்டும், எந்தச் செயலுக்கு என்று பிரிவு தெளிவாகச் சொல்லவும் வேண்டும். பயந்துபோய் அதை அடுத்தவருக்கு அனுப்பியவரை அவரோடு ஒரே கூண்டில் நிறுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. கைதுகள் பிறகு நடந்தன. முதலில் உதவியது, காவல்துறை உடனே வெளியிட்ட மறுப்பும், திருப்பூரில் இந்தி பேசுவோருக்காகத் திறந்த உதவி எண்ணும். இது தமிழுக்காகப் பேசும் நமக்குக் கொஞ்சம் சங்கடமான செய்தி. ஒரகடத்து ஷிப்டுகளில் வெளிமாநிலத்தவரும் நிற்கிறார்கள். பிழைச்செய்தியைத் தமிழில் மட்டும் எழுதிவைத்தால் அவர்களுக்கு நாமே கதவைச் சாத்தியவர்கள் ஆவோம். அமர்வுகள் அதையும் எடுத்துக்கொள்ளும் என்று நம்பி, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.