கண்டதை எழுதிய பெண்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் குரங்கைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன்.

1960 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஜேன் குடால் என்னும் 26 வயது ஆங்கிலப் பெண், ஆப்பிரிக்காவில் தாங்கனீக்கா ஏரியின் கீழ்க்கரையிலுள்ள கோம்பே காட்டிற்குச் சென்றார். இன்று அப்பகுதி தான்சானியா நாட்டில் உள்ளது. அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை; பொருள் வசதியின்மையால் அவர் படிப்பு செயலாளர் பயிற்சியோடு நின்றது. எனினும், முன்கூட்டியே முடிவு கட்டாத கண் வேண்டும் என்று கருதிய அறிஞர் லூயி லீக்கி, சிம்பன்சிகளை ஆராய அவரையே தேர்ந்தெடுத்தார். தனித்த பெண் காட்டில் தங்க அதிகாரிகள் உடன்படாமையால், தாயாரும் துணைக்குச் சென்றார்.

சிம்பன்சிகள் அவரைக் கண்டதும் ஓடின. அவரோ நாள்தோறும் மலைமுகட்டில் அமர்ந்து தொலைநோக்கியால் பார்த்தார். இரவில் விளக்கொளியில் குறிப்பெழுதினார். கையில் இருந்த பணம் ஆறு மாதத்திற்கே போதுமானது.

அவ்வாண்டு நவம்பரில், தாம் 'டேவிட் கிரேபியர்டு' எனப் பெயரிட்ட ஆண் சிம்பன்சி ஒன்று கறையான் புற்றருகே அமர்ந்திருக்கக் கண்டார். அது புல்தண்டு ஒன்றைப் புற்றின் துளைக்குள் செலுத்தியது. மெல்ல வெளியே இழுத்து, தண்டைக் கவ்விக்கொண்டு வந்த கறையான்களைத் தின்றது. சிம்பன்சிகள் சிறு கிளையை ஒடித்து, இலைகளை உருவியெறிந்து, குச்சியை அவ்வேலைக்கு ஏற்றதாக்கிக் கொள்வதையும் அவர் கண்டார். கிடைத்ததைப் பயன்படுத்துவது வேறு. தேவைக்கேற்பத் திருத்திக் கொள்வது வேறு. பின்னது கருவி செய்தலாகும்.

கருவி செய்பவன் மனிதன் ஒருவனே என்று அறிஞர் பலர் அந்நாளில் இலக்கணம் வகுத்திருந்தனர். செய்தி அறிந்த லீக்கி, இனிக் கருவிக்கோ மனிதனுக்கோ வேறு இலக்கணம் காண வேண்டும், அன்றேல் சிம்பன்சியை மனிதனாக ஏற்க வேண்டும் என்றார்.

1962 ஆம் ஆண்டில், இளங்கலைப் பட்டம் இல்லாமலே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரை டாக்டர் பட்ட ஆய்வுக்குச் சேர்த்துக்கொண்டது. விலங்குகளுக்குப் பெயரிட்டது பிழை, எண் இட்டிருக்க வேண்டும் என்று அங்கே சிலர் கூறினர். ஒவ்வொன்றிற்கும் தனி இயல்பு உண்டு எனக் கண்டவர், அதை விட்டுக்கொடுக்கவில்லை. பட்டமும் பெற்றார்.

சிம்பன்சிகள் மனிதரினும் சாதுவானவை என்று அவர் முதலில் நம்பினார். 1974 முதல் 1978 வரை, கோம்பேயில் ஒரு கூட்டம் தன்னிடமிருந்து பிரிந்து சென்ற பழைய தோழர்களையே தாக்கி அழித்தது. தம் நம்பிக்கைக்கு மாறான அதனையும் அவர் மறைக்காமல் எழுதினார். 2025 அக்டோபரில், தமது 91 ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இளைஞர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டுவது அந்தப் பெண்ணின் முறையை. இன்ன குலத்தில் பிறந்தவனுக்குக் கல்வி ஏறாது என்று நம் முன்னோர்க்குச் சொன்னவர்கள், அவர்களைப் பள்ளியில் அமர்த்திப் பார்த்தவர்கள் அல்லர். பள்ளிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னவர்கள். பாராமல் எழுதிய அம்முடிவுக்கு, இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் பட்டதாரிகளே மறுப்பு.

ஆயினும் அதே பிழையை நாமும் செய்தலாகாது. ஏட்டில் உள்ளது என்பதற்காக ஒன்றை நம்பாதீர்கள். நம்மவர் சொன்னார் என்பதற்காகவும் நம்பாதீர்கள். நேரில் சென்று பாருங்கள். நாள் குறித்து எழுதுங்கள். கண்டது கசந்தாலும் எழுதுங்கள். பட்டம் பின்னர் வரலாம். இப்பழக்கத்தை இன்றே தொடங்கலாம். அதற்கு ஒரு குறிப்பேடு போதும்.