பொருநைப் பெருவெள்ளமும் மறந்துபோன மறுகாலும்



காவிரி குடகில் பிறந்து கருநாடகத்தைக் கடந்து வருகின்றது. பாலாறும் தென்பெண்ணையும் அண்டை மாநிலத்தில் தோன்றித் தமிழ்நாட்டுள் இறங்குகின்றன. அவ்வாறுகளில் நீர் வற்றினால் அணையை மூடியவரைக் குறை கூறலாம். நீர் பெருகினால் அணையைத் திறந்தவரைக் குறை கூறலாம். அத்தகைய பேச்சுக்கு எள்ளளவும் இடந்தராத ஆறு ஒன்று உண்டு. அதுவே பொருநை. இன்று அலுவலக ஏடுகளில் தாமிரபரணி என்று எழுதப்படும் அவ்வாற்றின் பழந்தமிழ்ப் பெயர் பொருநையே. பொதியமலையிற் பிறந்து, நெல்லை, தூத்துக்குடி ஆகிய இரு மாவட்டங்களையும் ஊட்டி வளர்த்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் நடந்து, புன்னைக்காயலில் கடலோடு கலக்கின்றது. தோற்றமும் நடையும் முடிவும் தமிழ்நிலத்திலேயே. ஆகவே, அதன் வாழ்வுக்கும் தாழ்வுக்கும் பொறுப்பாளர் தமிழரேயன்றிப் பிறரல்லர். இவ்வுண்மையை நெஞ்சில் நிறுத்திக்கொண்டே 2023-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாண்டு திசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் மிக்சாங் புயலின் பெருமழையில் சென்னை மூழ்கியது. நாட்டார் கண்ணெல்லாம் வடக்கு நோக்கியிருந்த வேளையில், இரு கிழமைக்குள் தெற்கே வானம் உடைந்தது. திசம்பர் 17, மார்கழித் தலைநாள். குமரிக் கடற்பகுதியின்மேல் வானில் உருவான காற்றுச் சுழற்சியே கரணியம். கரையைக் கடந்து வரும் புயலாக அது இல்லை. அதற்குப் பெயரும் இல்லை. பெயரில்லாத அம்மழைதான் மறுநாட் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., திருவைகுண்டத்தில் 62 செ.மீ. கொட்டித் தீர்த்தது. ஓர் ஆண்டு முழுதும் பெய்யவேண்டிய மழையினும் மிகுதியான மழையைக் காயல்பட்டினம் ஒரே பகலிரவில் ஏற்றது.

1992-ஆம் ஆண்டு நவம்பரிலும் பொருநை பொங்கியதுண்டு. அன்று மாஞ்சோலை மலைமேல் கக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ. அளவிற்கு மழை பெய்தது. அந்நீர் மலையிலிருந்து இறங்கி ஆற்றின் வழியே வந்தது. 2023-இலோ மலையிலும் பெய்தது. அதனினும் மிகுதியாகக் கடலோரக் கீழ்நிலத்திலும் பெய்தது. மேலேயிருந்து ஆறு பெருகி வர, கீழே குளங்களும் வயல்களும் தம் மழையாலேயே நிரம்பி வழிந்தன. வடியவேண்டிய நீர் ஆற்றுக்குட் செல்ல இயலவில்லை. ஆற்றுநீரோ கரைமீறி வயலுக்குட் புகுந்தது.

அன்றிரவு குளக்கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. ஏரல் நகர் நீருள் நின்றது. வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் மூழ்கின. ஆடுமாடுகள் அடித்துச் செல்லப்பட்டன. தென்மாவட்டங்களில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி, வழித்தடத்தின் கீழிருந்த மண்ணை வெள்ளம் அரித்துச் சென்றமையால், ஏறத்தாழ 800 பயணியரோடு திருவைகுண்டத்தில் நின்றுவிட்டது. மீட்புப் படையினர் வந்து சேரும்வரை அவர்களுக்குச் சோறு ஆக்கிப் படைத்தவர்கள் அருகிருந்த புதுக்குடி ஊர் மக்கள். தம்மூரைச் சுற்றிலும் வெள்ளம் நிற்க, அறியாத மாந்தர்க்கு உலையேற்றிய அம்மக்களின் செயல் என்றும் போற்றத்தக்கது. ஆயினும், துன்பம் வந்தபின் காட்டும் அந்த ஒற்றுமை, துன்பம் வருமுன் கரையைக் காப்பதில் எங்கே போயிற்று என்பதே இங்குக் கேட்கப்பட வேண்டிய வினா.

அவையோரே! பொருநையின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம். கடைசியாகிய திருவைகுண்டம் அணை ஆங்கிலேயர் காலத்தது. மற்றவை ஏழும் அதற்கு முந்தியவை. அணையிலிருந்து கால் பிரியும். கால் குளத்தை நிரப்பும். குளத்தின் மடை வயலுக்கு நீர் விடும். குளம் நிரம்பினால் மிகைநீர் மறுகால் வழியே வெளியேறி அடுத்த குளத்தை அடையும். இவ்வாறு குளத்துக்குக் குளம் கைகோத்து, கடைக்குளத்தின் மிகைநீர் ஆற்றையோ கடலையோ சேரும்.

மறுகால் என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். நீர் வரும் கால் ஒன்று; நீர் போகும் கால் மற்றொன்று. வடதமிழ்நாட்டார் கலிங்கு என்பதை நெல்லைச் சீமையார் மறுகால் என்பர். வரவுக்கு வழி வகுத்தவன் செலவுக்கும் வழி வகுத்தான் என்பதற்கு அச்சொல்லே சான்று. குளம் மறுகால் பாய்ந்தது என்றால் ஊர் மகிழ்ந்த காலம் ஒன்றிருந்தது. குளம் நிறைந்தது, கரை பிழைத்தது என்பதே அதன் பொருள்.

மண்கரை நீரைத் தாங்கும். தன் தலைக்குமேல் நீர் வழிவதைத் தாங்காது. மறுகால் அடைபட்டிருந்தால் நீர் கரையின் உச்சிக்கு ஏறும். தாழ்ந்த ஓரிடத்தில் ஒரு சாண் அகலத்திற் கசியத் தொடங்கும். அக்கசிவு மண்ணைக் கரைத்து, சிறிது நேரத்தில் வண்டி புகும் வாயிலாகி, குளத்து நீர் முழுதும் ஒரே பாய்ச்சலில் கீழ்க்குளத்தின் மேல் விழும். கீழ்க்குளமோ முன்னரே நிரம்பி நிற்பது. அதுவும் உடையும். ஒரு குளத்தின் பிழை ஒன்பது ஊரின் அழிவாகும்.

மறுகால் அடைபடுவது எவ்வாறு? சீமைக்கருவேலம் ஓடையை மூடிக்கொண்டது, வெட்டுவாரில்லை. ஓடை வறண்டிருந்த ஆண்டுகளில் அதன் ஓரத்தை வளைத்து வீடு கட்டினர், தடுப்பாரில்லை. சாலை போட்டபோது ஓடையின் குறுக்கே சிறு குழாய்களைப் புதைத்து மேலே மண் கொட்டினர், கேட்பாரில்லை. பத்தாண்டு நீர் வராத ஓடையை நிலம் என்று எண்ணினான் மாந்தன். நீரோ தன் வழியை மறக்கவில்லை.

தலையாலங்கானத்து வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்தியது என்ன? நிலம் பள்ளமான இடந்தோறும் நீரைத் தேக்குவோரே நிலையான புகழைத் தேக்குவோர் என்பதே. அது புறநானூற்றின் 18-ஆம் பாட்டு. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை, ஏரியைக் காப்பதற்கெனவே ஊரார் அமைத்த ஏரிவாரியத்தைக் குறிக்கின்றன. பின்னாளில் குடிமராமத்து என வேற்றுச்சொற் கலந்து வழங்கிய ஊர்ப்பணியும் அவ்வழியில் வந்ததே. வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு குளத்துக்குப் போதல் ஊர்க்கட்டளையாக இருந்தது. மடை காப்பதற்கு ஆள் இருந்தார். அவருக்கு விளைச்சலில் ஊர் நெல் அளந்தது. அவ்வேற்பாட்டிலும் உழைப்பு ஒரு சாராரிடமும் உரிமை மற்றொரு சாராரிடமும் நின்ற தீங்கு உண்டு. அத்தீங்கை ஒழித்தல் வேண்டும். காவலை ஒழித்தல் கூடாது. நிகழ்ந்ததோ, காவல் மட்டும் ஒழிந்தது. குளம் அரசினுடையது என்று ஊர் கைகழுவிற்று; ஊர் பார்த்துக்கொள்ளும் என்று அலுவலகம் கண்மூடிற்று.

95 செ.மீ. மழையை எந்தக் குளமும் முழுதாய்த் தாங்கியிராது என்று சிலர் கூறுவர். அஃது உண்மையே. மறுகால் எல்லாம் திறந்திருந்தாலும் வயல் மூழ்கியிருக்கும். வீட்டுக்குள் நீர் வந்திருக்கும். ஆனால், நீர் படிப்படியாக ஏறுவது வேறு. உறங்கும் ஊர்மீது குளம் பாய்வது வேறு. முன்னதில் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு நடக்கலாம். பின்னதில் கதவைத் திறக்கவும் பொழுதில்லை. ஊரார் காக்கக்கூடியது அந்த இடைவேளையைத்தான். அதுவே உயிர்.

எனவே, ஊர்தோறும் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்குமுன் ஊரார் கூடித் தம் குளத்தின் மறுகாலிலிருந்து அடுத்த குளம்வரை காலால் நடந்து பார்த்தல் வேண்டும். முள்ளை வெட்டுதல் வேண்டும். இரண்டாவது, ஓடையின் அகலத்தையும் எல்லையையும் ஊர்மன்றத்தில் உரக்கப் படித்துப் பதிதல் வேண்டும். வளைத்தவன் உறவினனாயினும் ஒதுங்கச் சொல்லுதல் வேண்டும். குறுகிய குழாய் புதைத்த சாலைக்கு அகன்ற பாலம் கேட்டு அரசை விடாது வற்புறுத்துதல் வேண்டும். மூன்றாவது, பெருமழை இரவில் கரைமேல் முறைவைத்துக் காவல் நிற்றல் வேண்டும். கரை தளர்ந்தால் மேற்குளத்தார் கீழ்க்குளத்தார்க்கு அந்நொடியே சொல்லி அனுப்புதல் வேண்டும். கையிலுள்ள பேசி திரைப்படப் பாட்டுக்கு மட்டுமன்று.

தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதுவது எளிது. மடை, மதகு, மறுகால், கரை, கால் ஆகிய இவையெல்லாம் தமிழ். இவை அகரமுதலியில் மட்டும் இருந்து பயனில்லை. மறுகாலில் நீர் ஓடும்வரைதான் மறுகால் என்னும் சொல்லும் ஊரார் வாயில் ஓடும். ஓடை தூர்ந்தால் சொல்லும் தூரும். சொல் தூர்ந்த ஊரில் நீருக்கு வழி கேட்பதற்கும் நாவிராது.

பொருநை மீண்டும் பெருகும். குறை கூற அண்டை மாநிலம் இல்லை. மண்வெட்டியை எடுங்கள். மழைக்கு முன் மறுகாலைத் திறங்கள்.