தேடல் அகராதியும் தமிழாசிரியர் கண்ணும்



நூலகக் கணினியில் மாணவர் ஒருவர் ‘குயில்’ என்று தட்டுவதாக எண்ணுங்கள். ‘குயிலை’ என்னும் சொல் வரும் கட்டுரை அங்கே இருக்கிறது. ஆயினும், ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்கிறது திரை. பிழை மாணவருடையதன்று, தேடலுக்கான அகராதியின் விதியில் அது ஒளிந்திருக்கக்கூடும். அதனைக் கண்டறியும் பணியில் தமிழாசிரியருக்கும் இடமுண்டு என்பதே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

போஸ்ட்கிரெஸ் என்பது எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க தரவுத்தள மென்பொருள். 2019இல் வெளிவந்த அதன் 12ஆம் பதிப்பில், ஸ்னோபால் என்னும் விகுதி நீக்கும் நிரல்தொகுதியின் வழியாக அரபு, இந்தோனேசியம், நேப்பாளி முதலியவற்றோடு தமிழும் சேர்ந்தது. இத்தகைய அகராதி பொருள் கூறுவதன்று. ஒரு சொல்லின் பல வடிவங்களை ஓர் அடிச்சொல்லுக்குக் கொண்டுவர முயல்வது.

இவ்வகராதிக்கு ஒருவர் திருத்தம் எழுதினால் அது உடனே சேர்க்கப்படுவதில்லை. மற்றவர் அதனை மதிப்பாய்வு செய்வர். நடப்பு நிரலோடு பொருந்துகிறதா? சோதனைகளில் தேறுகிறதா? விளக்கக் குறிப்பு உள்ளதா? இம்மூன்றையும் தமிழ் அறியாதவரும் பார்க்கலாம். விதி தமிழுக்கு ஏற்றதா என்னும் நான்காம் கேள்விக்கு மொழியறிவு வேண்டும்.

‘சொல்லின் இறுதியில் ஐ, இல் ஆகிய உருபுகளுள் ஒன்று வரின் அதனை ஒருமுறை நீக்குக’ என்றொரு விதி வருவதாகக் கொள்வோம். ‘ஊரை’, ‘ஊரில்’ இரண்டும் ‘ஊர்’ ஆகும், நன்று. சோதனைப் பட்டியலில் இவை மட்டும் இருந்தால் திருத்தம் தேறிவிடும். ஆனால் ‘குயிலை’ என்பது ‘குயில்’ ஆக, ‘குயில்’ என்பதோ ‘குய்’ ஆகிவிடும். ஒரே பறவையின் பெயர் இரண்டாகப் பிரிய, ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. மயிலுக்கும் வெயிலுக்கும் இதே கதி. ‘கள்’ விகுதியை நீக்கும் விதியில் ‘திங்கள்’ சிக்கும். உருபு எது, சொல்லின் உறுப்பு எது என்று பிரித்தறிவது நாம் வகுப்பில் கற்பிக்கும் இலக்கணமே அன்றோ?

தீர்வும் உண்டு. போஸ்ட்கிரெஸில் அகராதிகள் வரிசையாக நிற்கும். ஒரு சொல்லை முதலில் அறிந்துகொள்ளும் அகராதியோடு அதன் தேடல் முடியும். ஸ்னோபால் எச்சொல்லையும் ஏற்றுக்கொள்வதால் அதனை இறுதியில் நிறுத்த வேண்டும். அதற்கு முன்னே ஒருபொருட்சொல் அகராதி ஒன்றை வைத்து, ‘குயில் குயில்’ என ஒரு வரி எழுதினால் குயில் காக்கப்படும். ‘பாரிஸ்’ என்னும் ஊர்ப்பெயர் ஆங்கில விதியால் ‘பாரி’ எனக் குறுகாதிருக்க, அம்மென்பொருளின் கையேடே இவ்வழியைக் காட்டுகிறது.

நிரல் எழுத அறியாதவரும் சொற்பட்டியல் எழுதலாம். வேற்றுமைப் பாடம் நடத்தும் நாளில், உருபுபோல் தோன்றி உருபல்லாத ஈறுடைய இருபது சொற்களை மாணவர் தொகுக்கட்டும். ஒவ்வொன்றன் எதிரிலும் அதன் வேற்றுமை வடிவங்களை எழுதட்டும். மதிப்பாய்வாளருக்கு அப்பட்டியலே நல்ல சோதனையாகும். பிழையான விதி நூலகங்கள்தோறும் பரவியபின் திருத்துவதினும், பரவுமுன் திருத்துவது எளிது.