கடைக்குட்டியின் பிறந்தநாள்

(வானொலியில் வழங்கப்பட்ட மறையுரைச் சிந்தனை)



வீட்டின் கடைசிப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் அந்த வீட்டில் தனிக் குதூகலம்தான். அண்ணன் பலூன் ஊதுவான், அக்கா தலை பின்னிவிடுவாள், அப்பா கேக் வாங்கி வருவார். காலையில் திருப்பலி, மாலையில் பக்கத்து வீடுகளுக்கு இனிப்பு. ஆனால் அதே பிள்ளை ஆண்டு முழுவதும் கேட்கிற ஒரு வார்த்தையும் உண்டு: "உன் அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்!" கடைக்குட்டியை நாம் எல்லாரும் கொஞ்சுகிறோம். அந்தப் பிள்ளை எப்படிப்பட்டது என்று உற்றுப் பார்க்கிறோமா?

சாமுவேல் முதல் நூல் 16ஆம் அதிகாரத்தில், ஈசாய் தம் புதல்வர் எழுவரை இறைவாக்கினர் முன் வரவழைக்கிறார். எட்டாவது பிள்ளை ஆடு மேய்க்கப் போயிருக்கிறான். அவனையும் கூப்பிட வேண்டும் என்று பெற்ற தகப்பனுக்கே தோன்றவில்லை. சாமுவேல் கேட்ட பிறகுதான் ஆள் போகிறது. ஆண்டவரோ அந்தக் கடைசிப் பிள்ளையின் மீதே கண் வைத்திருந்தார்.

தம் கடைசிப் பிள்ளையைக் கூர்ந்து பார்த்த ஒரு தாயை இன்று நினைத்துப் பார்ப்போம். பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் லேஸ் பின்னும் தொழில் நடத்தியவர் செலி மார்ட்டின். அவரும் கணவர் லூயியும் ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, நால்வரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர்கள். 1873 ஜனவரி 2 அன்று ஒன்பதாவதாகப் பிறந்தவர்தான், நாம் சிறுமலர் என்று அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசா.

முதல் பிறந்தநாளில் பிள்ளை தாயின் வீட்டில் இல்லை. தாயால் பாலூட்ட முடியாததால், கிராமத்தில் ஒரு செவிலித் தாயிடம் ஓராண்டுக்கு மேல் வளர்ந்தாள். 1874 ஏப்ரலில்தான் வீடு திரும்பினாள். வெளிநாட்டில் உழைத்துக்கொண்டு, பிள்ளையின் பிறந்தநாளைக் கைப்பேசியில் மட்டும் பார்க்கிற பெற்றோரே, உங்கள் மனதின் ஏக்கத்தை அந்தப் புனிதத் தாய் அறிவார்.

செலி எழுதிய கடிதங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவை இன்றும் நம்மிடம் உள்ளன. அவற்றில் நாம் சந்திக்கும் தெரேசா, ஒளிவட்டம் சூடிய குழந்தை அல்ல. நம் வீட்டுப் பிள்ளைதான். அக்கா செலினைவிட அறிவுக்கூர்மை அதிகம், ஆனால் அவளைப்போல் சாது இல்லை என்கிறார் தாய். "மாட்டேன்" என்று சொல்லிவிட்டால், நிலவறையில் நாள் முழுக்க விட்டாலும் "சரி" என்று சொல்லமாட்டாளாம். அதே பிள்ளை தவறு செய்துவிட்டால், யாரும் கேட்கும் முன்பே ஓடிவந்து தானே சொல்லிவிடுமாம். இவள் எப்படி வருவாளோ என்று தாய்க்குக் கவலையும் இருந்தது. ஆம், அந்தத் தாயும் இரு பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆனால் ஒருத்தியை மற்றொருத்தியின் அச்சாக வார்க்க அல்ல. ஒவ்வொருத்தியையும் அறிந்துகொள்ளவே அப்படிப் பார்த்தார்.

1876 டிசம்பரில், மார்பில் இருந்த கட்டிக்கு இனி அறுவை சிகிச்சை பயன் தராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அடுத்த சில நாள்களில், 1877 ஜனவரி 2 அன்று, கடைக்குட்டிக்கு நான்கு வயது நிறைந்தது. தாய் உயிரோடு இருக்க வந்த கடைசிப் பிறந்தநாள் அது. அந்த ஆகஸ்ட் 28 அன்று செலி இறைவனடி சேர்ந்தார்.

தாய் கவலைப்பட்ட அந்தப் பிடிவாதம் என்ன ஆயிற்று? பதினான்கு வயதில், உரோமை நகரில் திருத்தந்தை 13ஆம் லியோவின் முன் முழந்தாளிட்டு, பதினைந்து வயதிலேயே கார்மேல் மடத்தில் சேர அனுமதி கேட்கும் துணிவாக மலர்ந்தது. கடவுள் அந்தக் குணத்தைப் பிடுங்கி எறியவில்லை; அதையே தமக்கென்று பண்படுத்தினார். அந்த மலர்ச்சியைக் காண அம்மா இல்லை. ஆனால் மொட்டை அவர் பார்த்திருந்தார்.

2015 அக்டோபர் 18 அன்று, செலியையும் லூயியையும் திருத்தந்தை பிரான்சிஸ் ஒருசேரப் புனிதர்களாக அறிவித்தார். பெற்றோரே, நமக்கு அவர்கள் நல்ல துணை.

உங்கள் கடைக்குட்டியின் அடுத்த பிறந்தநாளன்று ஒன்று செய்யுங்கள். கேக் வெட்டி, விருந்தினர் போன பிறகு, பிள்ளையை அருகில் உட்காரவைத்து, "இந்த ஆண்டு உன்னிடம் இதைப் பார்த்தேன்" என்று ஒன்றைச் சொல்லுங்கள். மதிப்பெண் வேண்டாம், ஒப்பீடு வேண்டாம். தம்பியின் கோபத்துக்குள் ஒரு நியாய உணர்வு இருக்கலாம். பாப்பாவின் ஓயாத பேச்சுக்குள் பிறரைத் தேற்றும் வரம் இருக்கலாம். பிறகு நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு ஆசீர்வதியுங்கள்.

சின்னத் தெரேசா மாடிப்படி ஏறும்போது, ஒவ்வொரு படியிலும் "அம்மா!" என்று கூப்பிடுவாளாம். கீழிருந்து பதில் வந்தால்தான் அடுத்த படி. வராவிட்டால் அங்கேயே நின்றுவிடுவாள். ஒவ்வொரு பிறந்தநாளும் அப்படி ஒரு படிதான். நம் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். "இருக்கிறேன், கண்ணே, உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று பதில் சொல்வோம்.

தாயின் கருவிலேயே நம்மை அறிந்த இறைவன், நம் பிள்ளைகளை அவர் காண்பதுபோல் காணும் கண்களை நமக்குத் தருவாராக. ஆமென்.